சிறைக்குள் காணொலி வழி மனநல சிகிச்சை: ஓர் எளிய அறிமுகம்

சிறையில் இருப்பவர்களுக்குக் காணொலி மூலம் கவுன்சலிங் அளிக்கப்போகிறார்கள் என்று எப்போதாவது செய்தி வந்தால், அதையொட்டி இரண்டு விதமான பேச்சு எழுவது வழக்கம். குற்றம் செய்தவனுக்கு இவ்வளவு வசதி எதற்கு என்பது ஒன்று. ஒரு கணினியும் இணைய இணைப்பும் கொடுத்துவிட்டால் சிறைகளின் மனநலப் பிரச்சினை ஏறக்குறையத் தீர்ந்த மாதிரிதான் என்பது மற்றொன்று. ஒன்றுக்கொன்று எதிரானவை போலத் தோன்றினாலும், இரண்டு பேச்சுமே திரையை மட்டும்தான் பார்க்கின்றன. அந்தத் திரை வைக்கப்பட்டிருக்கும் அறையைப் பார்ப்பதில்லை. அந்த அறையில் யார் இருக்கிறார்கள், கதவுக்கு வெளியே யார் நிற்கிறார்கள், திரை அணைந்த பிறகு அந்த மனிதரை யார் பார்த்துக்கொள்கிறார்கள் என்பவைதான் இந்தச் சிகிச்சை பலன் தருமா தராதா என்பதைப் பெரும்பாலும் தீர்மானிக்கின்றன. ஏன் அப்படி என்பதை அடிப்படையிலிருந்து தொடங்கிப் பார்ப்போம்.

## கவுன்சலிங் என்ற ஒரே சொல்லுக்குள் மூன்று வேலைகள்

முழங்கால் வலியோடு இருக்கும் ஒருவரை எடுத்துக்கொள்வோம். எலும்பு மருத்துவர் பரிசோதித்து மாத்திரை எழுதித் தருகிறார். பிசியோதெரபிஸ்ட் வாரத்துக்கு இரண்டு நாள் வரச் சொல்லி, காலை எப்படி மடக்குவது, எவ்வளவு நேரம் நீட்டி வைப்பது என்று பயிற்சி தந்து, போன வாரத்தைவிட இந்த வாரம் எவ்வளவு கூடுதலாக மடங்குகிறது என்று அளந்து பார்க்கிறார். பக்கத்து வீட்டுக்காரர், தமக்கும் இப்படித்தான் இருந்து சரியாயிற்று என்று சொல்லித் தைரியம் கொடுக்கிறார். மூன்றுமே உதவிதான் என்றாலும் ஒன்று இருந்தால் மற்றது வேண்டாம் என்று யாரும் சொல்வதில்லை.

மனநலத் துறையிலும் இதே பிரிவினை உண்டு. எம்.பி.பி.எஸ். முடித்து, மனநலத்தில் மேற்படிப்பும் படித்து, நோயைக் கண்டறிந்து மருந்து எழுதுபவர் மனநல மருத்துவர். மருந்து இல்லாமல், திட்டமிட்ட உரையாடலாலும் பயிற்சிகளாலும் ஒருவருடைய எண்ணப் போக்கிலும் நடத்தையிலும் மாற்றம் கொண்டுவரப் படித்தவர் மருத்துவ உளவியலாளர். அவர் செய்யும் வேலைக்கு உளச்சிகிச்சை என்று பெயர். இது ஒருநாள் பேச்சோடு முடிவதில்லை. முக்கால் மணி நேரம் முதல் ஒரு மணி நேரம் வரை நீளும் அமர்வுகளாக, வாரக்கணக்கில், முன்னதாகவே பேசி ஒப்புக்கொண்ட ஒரு குறிக்கோளை நோக்கி நடப்பது.

சிறையில் இது எந்த வடிவம் எடுக்கும் என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு. இரவு செல் பூட்டப்பட்ட பிறகு ஒருவருக்குத் தூக்கம் வருவதில்லை. கண்ணை மூடினால் சம்பவம் நடந்த அன்றைய மாலைப் பொழுது திரும்பத் திரும்ப வருகிறது. விடிகிற நேரத்தில் அசந்து, கணக்கெடுப்புக்கு எழுந்திருக்க முடியாமல் வார்டரிடம் திட்டு வாங்குகிறார். அந்த எரிச்சலில் பக்கத்தில் இருப்பவரிடம் சண்டை போடுகிறார். உளவியலாளர் அவரிடம் சண்டை போடாதே என்று சொல்லித் தொடங்கமாட்டார். எந்த நேரத்தில் நினைவு வருகிறது, அப்போது உடம்பில் என்ன நடக்கிறது, கூடவே என்ன எண்ணம் வருகிறது என்று ஒரு வாரம் கவனித்துவரச் சொல்வார். தூக்கமின்மையிலிருந்து சண்டை வரை நீளும் அந்தச் சங்கிலியில் எந்தக் கண்ணியை முதலில் தளர்த்தலாம் என்பதை இருவரும் சேர்ந்து தேடுவார்கள். கோபத்தைக் குறைத்துக்கொள்ளுங்கள், குடும்பத்தை நினைத்துப் பாருங்கள் என்று ஒருவர் மேடையில் நின்று நூறு பேரிடம் பேசிவிட்டுப் போவது நல்ல காரியமாக இருக்கலாம். ஆனால் அதை உளச்சிகிச்சை என்று பதிவேட்டில் எழுதுவது, பக்கத்து வீட்டுக்காரரின் ஆறுதலைப் பிசியோதெரபி என்று எழுதுவதற்குச் சமம்.

சுருக்கமாக: காணொலியில் மனநல மருத்துவர் வந்து மருந்தைச் சரிபார்ப்பது ஒரு சேவை; உளவியலாளர் வந்து வாராவாரம் உளச்சிகிச்சை செய்வது வேறொரு சேவை. முதலாவதற்குப் பல நேரங்களில் கால் மணி நேரம் போதும். இரண்டாவதற்கு நேரமும் தனிமையும் தொடர்ச்சியும் வேண்டும். சிறையில் கிடைப்பதற்கு அரிதான மூன்று பொருள்கள் இவைதான்.

## துபாய் மகனும் தஞ்சாவூர்த் தாயும்

துபாயில் வேலை பார்க்கும் மகனுடன் வாரம் ஒருமுறை வீடியோ காலில் பேசும் தஞ்சாவூர்த் தாய் ஒருவரை நினைத்துக்கொள்வோம். சாப்பிட்டேன் என்று அவன் சொன்னாலும், கன்னம் ஒட்டியிருப்பதைப் பார்த்தே அவன் சரியாகச் சாப்பிடவில்லை என்பது அவருக்குத் தெரிந்துவிடுகிறது. குரலை மட்டும் கேட்டிருந்தால் இது தெரிந்திருக்காது. நேரில் இருந்தால் நெற்றியைத் தொட்டுப் பார்த்து இன்னும் கூடுதலாக அறிந்திருப்பார். காணொலி இந்த இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. முகத்தைத் தருகிறது, தொடுதலைத் தருவதில்லை. மனநல சிகிச்சையில் பெரும்பகுதி முகம் பார்த்துப் பேசுவதுதான் என்பதால், மருத்துவத்தின் மற்றப் பிரிவுகளைவிட இது காணொலிக்கு எளிதில் பொருந்திவிடுகிறது. வயிற்று வலிக்காரரின் வயிற்றை அழுத்திப் பார்க்காமல் முடிவுக்கு வருவது கடினம். மனச்சோர்வு உள்ளவரிடம் அந்தத் தடை அவ்வளவாக இல்லை. காணொலி வழி மனநல சிகிச்சையை நேரடிச் சிகிச்சையோடு ஒப்பிட்ட ஆய்வுகளில் பெரும்பாலானவை, நோயைக் கண்டறிவதிலும் பலனிலும் இரண்டுக்கும் பெரிய வேறுபாடு இல்லை என்றே காட்டியுள்ளன. சிறைகளில் மட்டும் நடத்தப்பட்ட ஆய்வுகள் எண்ணிக்கையில் குறைவு என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

அதே வீடியோ காலில் இன்னொன்றும் நடக்கும். முதலாளி மூன்று மாதமாகச் சம்பளம் தரவில்லை என்று மகன் சொல்லிக்கொண்டிருக்கிறான். அறையில் உடன் தங்கியிருப்பவர் உள்ளே வருகிறார். உடனே அவன் குரல் மாறுகிறது. "சரிம்மா, இங்க எல்லாம் நல்லாத்தான் இருக்கு" என்கிறான். படத்தின் தெளிவு குறையவில்லை, ஒலி விட்டுவிட்டு வரவில்லை, இணைப்பு அப்படியே இருக்கிறது. கேட்கும் காதுகள் மட்டும் ஒன்று கூடியிருக்கின்றன.

சிகிச்சை அளிப்பவருக்கும் பெறுபவருக்கும் இடையே, இவரிடம் சொல்லலாம், சொன்னால் எனக்குக் கெடுதல் வராது என்ற நம்பிக்கையில் வளரும் பிணைப்பைச் சிகிச்சை உறவு என்பார்கள். எந்த முறையிலான உளச்சிகிச்சையாக இருந்தாலும் அது நிற்பது இந்த உறவின் மேல்தான். திரையின் ஊடாகவும் இந்த உறவு உருவாக முடியும். மூன்றாவது ஆள் ஒருவர் அறையில் இருந்தால் உருவாவது மிகக் கடினம்.

## தூரம் என்ற பிரச்சினை

காணொலி வழி மனநல சிகிச்சையைக் கொரோனாக் காலத்துக் கண்டுபிடிப்பு என்று நினைப்பவர்கள் பலர். 1964லேயே அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநிலத்தில், ஒமாஹாவில் இருந்த மனநல நிறுவனத்தையும் 112 மைல் தொலைவில் நார்ஃபோக்கில் இருந்த அரசு மனநல மருத்துவமனையையும் இருவழித் தொலைக்காட்சி இணைப்பு ஒன்று சேர்த்தது. நிபுணர்கள் நகரத்தில் இருக்கிறார்கள், நோயாளிகள் தொலைவில் இருக்கிறார்கள் என்பதே அன்றைய காரணம்.

சிறைக்கு இந்தக் காரணம் இரட்டிப்பாகப் பொருந்தும். சிறைகள் பெரும்பாலும் ஊருக்கு வெளியே கட்டப்படுபவை. உள்ளே இருப்பவர் தாமாகப் பேருந்து ஏறி மருத்துவரிடம் போக முடியாது. தமிழ்நாட்டில் ஒரு சிறைவாசியை அரசு மருத்துவமனைக்கு அழைத்துச் செல்ல வேண்டுமென்றால் வழிக்காவல் வேண்டும். அதாவது, சிறைக்கு வெளியே அவரைப் பாதுகாப்புடன் கொண்டுபோய்த் திரும்பக் கொண்டுவரும் காவலர்கள் வேண்டும். ஊரில் திருவிழாவோ தலைவர் வருகையோ இருந்தால் அவர்கள் பந்தோபஸ்துக்குப் போய்விடுவார்கள். மருத்துவமனையின் தேதி தவறிவிடும். மனநலப் பிரிவில் அடுத்த தேதி கிடைக்க நாளாகும், அதற்குள் மாத்திரை தீர்ந்துவிடும். வழிக்காவல் கிடைத்துவிட்டாலும், விலங்கு பூட்டிய கையோடு புறநோயாளிகள் வரிசையில் ஊரே பார்க்க உட்கார்ந்திருந்துவிட்டு, மருத்துவரின் முன்னால் போய் மனதைத் திறந்து பேசுவது யாருக்கும் எளிதல்ல.

சிறையில் காணொலி மருத்துவத்தைப் பெரிய அளவில் முதலில் செய்துகாட்டிய இடங்களில் ஒன்று டெக்சாஸ். தமிழ்நாட்டைப் போல ஐந்து மடங்குக்கும் மேல் பரப்புள்ள அந்த மாநிலத்தில் சிறைகள் நாலாபுறமும் சிதறிக் கிடக்க, சிறைவாசிகளுக்கான பெரிய மருத்துவமனையோ மெக்சிகோ வளைகுடாவில் கால்வெஸ்டன் என்ற தீவு நகரத்தில் இருந்தது. 1994 முதல் அங்குள்ள டெக்சாஸ் பல்கலைக்கழக மருத்துவப் பிரிவு காணொலி மூலம் சிறைகளுக்கு மருத்துவ ஆலோசனை வழங்கிவருகிறது. மனநலமும் அதில் அடக்கம்.

அரசு இவ்வளவு சிரமப்பட்டது தயவால் அல்ல. 1976இல் டெக்சாஸ் சிறைவாசி ஒருவர் தொடுத்த எஸ்டெல் எதிர் கேம்பிள் வழக்கில், சிறைவாசியின் கடுமையான மருத்துவத் தேவையை வேண்டுமென்றே புறக்கணிப்பது அரசமைப்புச் சட்டம் தடை செய்யும் கொடிய தண்டனைக்கு ஒப்பாகும் என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் கூறியது. ஒருவரைப் பூட்டி வைத்து, அவரே மருத்துவரைத் தேடிப் போகும் வழியை அடைத்த அரசுதான், அந்த மருத்துவரை அவரிடம் கொண்டுவரும் பொறுப்பையும் ஏற்க வேண்டும் என்பது இதன் உட்பொருள். இந்தியாவில் அரசமைப்பின் 21ஆவது பிரிவு தரும் உயிர் வாழும் உரிமை சிறை வாசலில் நின்றுவிடுவதில்லை. இவ்வளவு வசதி எதற்கு என்ற முதல் கேள்விக்கு இதுவே பதில் என்று நான் கருதுகிறேன். நீதிமன்றம் விதிக்கும் தண்டனை சுதந்திரத்தை இழப்பது. சிகிச்சையை இழப்பது அந்தத் தீர்ப்பில் எங்கும் எழுதப்பட்டிருப்பதில்லை.

தூரத்தைவிடப் பெரிய பிரச்சினை ஆள் பற்றாக்குறை என்பதைக் கலிபோர்னியா காட்டியது. ஏறத்தாழ 80,000 பேருக்காகக் கட்டப்பட்ட அந்த மாநிலச் சிறைகளில் அதைப்போல இரண்டு மடங்கு ஆட்கள் அடைக்கப்பட்டிருந்தார்கள். மனநல மருத்துவர் பணியிடங்களில் பாதிக்கு மேல் காலி. தற்கொலை எண்ணம் கொண்டவர்களைப் படுக்கை கிடைக்கும் வரை, கழிப்பறை வசதி இல்லாத தொலைபேசிக் கூண்டு அளவுள்ள கம்பிக் கூண்டுகளில் நிறுத்திவைத்திருந்ததை, 2011இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் வழங்கிய பிரவுன் எதிர் பிளாட்டா தீர்ப்பு எடுத்துரைத்தது. தொலைவிலுள்ள சிறைகளில் வேலைக்கு வர மருத்துவர்கள் மறுக்கும்போது, அவர்களை நகரத்திலேயே இருக்கவைத்துத் திரை வழியாகக் கொண்டுவருவது அங்கே ஒரு நிர்வாகத் தீர்வாக வளர்ந்தது. ஆனால் அந்த வழக்கில் நீதிமன்றம் கட்டளையிட்டது திரைகளை வாங்க அல்ல, கூட்டத்தைக் குறைக்க.

## ஓர் அமர்வு நடக்கும் விதம்

திரை எங்கோ வானத்திலிருந்து இறங்குவதில்லை. அதற்கு ஒரு மேசை, ஒரு நாற்காலி, ஒரு கதவு, ஒரு மின்விசிறி எல்லாம் உண்டு. அமர்வு கெட்டுப்போவதற்கான காரணங்கள் இவற்றில்தான் ஒளிந்திருக்கும்.

முதலில் கண். கேமரா பெரும்பாலும் திரையின் மேல் விளிம்பில் இருக்கும். சிறைவாசி திரையில் தெரியும் மருத்துவரின் கண்ணைப் பார்த்துப் பேசினால், அந்தப் பக்கத்தில் அவர் தலை குனிந்து தரையைப் பார்ப்பதுபோலத் தோன்றும். குற்ற உணர்வு என்றோ எதையோ மறைக்கிறார் என்றோ அதைத் தவறாக எடுத்துக்கொள்ள வாய்ப்புண்டு. மருத்துவர் குறிப்பு எழுதக் குனிந்தால் இங்கே அவருடைய உச்சந்தலை மட்டும் தெரியும். நான் அழுகிறேன், இவர் எதையோ பார்த்துக்கொண்டிருக்கிறார் என்று இவருக்குத் தோன்றும். நாற்காலியைச் சற்றுப் பின்னால் தள்ளி, பேசுபவரின் படத்தைக் கேமராவுக்கு நேர் கீழே நகர்த்தினால் இது பெருமளவு சரியாகிவிடும். செலவில்லாத இந்தத் திருத்தத்தைச் சொல்லித் தர ஓர் ஆள் வேண்டும் என்பதுதான் விஷயம்.

அடுத்தது மௌனம். உளச்சிகிச்சையில் கேள்விக்குப் பின் வரும் மௌனம் வீணான நேரமன்று. சொல்லலாமா வேண்டாமா என்று ஒருவர் தமக்குள் தீர்மானித்துக்கொண்டிருக்கும் நேரம் அது. நேரில் இருப்பவர் அதை உணர்ந்து காத்திருப்பார். காணொலியில், அவர் மௌனமாக இருக்கிறாரா, படம் உறைந்துவிட்டதா என்ற ஐயம் எழுகிறது. "ஹலோ, கேக்குதா?" என்று சிகிச்சையாளர் கேட்டுவிட்டால், தொண்டை வரை வந்த சொல் உள்ளே போய்விடும். அதனால்தான் அனுபவமுள்ளவர்கள் முதல் அமர்விலேயே, இணைப்பு அறுந்தால் என்ன செய்வோம், எத்தனை நிமிடம் காத்திருப்போம், எந்த எண்ணில் அழைப்போம் என்று பேசி வைத்துக்கொள்கிறார்கள்.

மூன்றாவது, மார்பளவுப் படம். கேமரா தோளுக்கு மேல் மட்டும் காட்டினால், மேசைக்கு அடியில் நடுங்கும் கையும் ஓயாமல் ஆடும் காலும் தெரிவதில்லை. மனநோய்க்குத் தரப்படும் சில மருந்துகளின் பக்கவிளைவே கை நடுக்கம், உடல் விறைப்பு, ஓரிடத்தில் உட்கார முடியாத தவிப்பு ஆகியவைதான் என்பதால் இது சிறிய குறை அல்ல. இதை ஈடுகட்ட, சிறைப் பக்கத்தில் ஒரு செவிலியரோ பயிற்சி பெற்ற பணியாளரோ வேண்டும். இவரை உடனிருப்பாளர் என்று அழைப்போம். நோயாளியை நாலடி நடக்கச் சொல்லிக் கேமராவைத் திருப்பிக் காட்டுவது, ரத்த அழுத்தமும் எடையும் பார்த்துச் சொல்வது, மருந்து பகுதி முடிந்து உளச்சிகிச்சைப் பேச்சு தொடங்கியதும் எழுந்து வெளியே போவது, எல்லாம் இவர் வேலை. மருந்தை எதிரிலேயே விழுங்கவைப்பதும் பெரும்பாலும் இவர் தலையில்தான் விழும். தூக்கம் தரும் மாத்திரைக்குச் சிறைக்குள் சந்தை மதிப்பு உண்டு. நாக்கின் அடியில் ஒதுக்கி வைத்து விற்பவரும் உண்டு, வலியவரிடம் பறிகொடுப்பவரும் உண்டு. திரையில் இருக்கும் மருத்துவருக்கு இது எதுவும் தெரியாது.

காணொலி பொருந்தாத ஆட்களும் இருக்கிறார்கள். தொலைக்காட்சி தன்னைப் பற்றித்தான் பேசுகிறது, யாரோ தன்னைக் கேமரா வைத்துக் கண்காணிக்கிறார்கள் என்ற பிறழ்நம்பிக்கையில் தவிக்கும் ஒருவரைக் கொண்டுபோய்க் கேமராவுக்கும் திரைக்கும் முன்னால் உட்காரவைப்பது எவ்வளவு பெரிய அபத்தம் என்று சொல்லவே தேவையில்லை. குடியை திடீரென்று நிறுத்தியதால் நடுங்கிக் குழம்பிப் போயிருக்கும் புதிய கைதிக்கும் தேவை உடல் பரிசோதனையும் உடனடி மருத்துவமும்தான். இவர்களைப் பிரித்தறிந்து நேரடி மருத்துவத்துக்கு அனுப்புவது, சிறை மருத்துவ அலுவலர் திரையை இயக்குவதற்கு முன் செய்ய வேண்டிய வேலை.

இதுவரை பார்த்தவற்றில் ஒன்றை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டால் போதும். காணொலி மருத்துவரின் பயணத்தை மிச்சப்படுத்துகிறது. சிறைக்குள் இருக்க வேண்டிய பணியாளரை மிச்சப்படுத்துவதில்லை.

## பேருந்தில் குடும்பம், சிறையில் காவலர்

இந்தச் சிகிச்சை முறை தமிழ்நாட்டுக்கு அந்நியமானதன்று. சென்னையைச் சேர்ந்த ஸ்கார்ஃப் என்ற மனச்சிதைவு ஆராய்ச்சி நிறுவனம், 2010 முதல் புதுக்கோட்டை மாவட்டக் கிராமங்களில் ஒரு பேருந்தை வைத்துக் காணொலி மனநல சேவை நடத்தியது. பேருந்துக்குள்ளேயே ஆலோசனை அறையும் மருந்தகமும் இருந்தன. நோயாளி திரைக்கு முன் அமர, மருத்துவர் சென்னையிலிருந்து பேசுவார். எழுதித் தரும் மருந்தை அங்கேயே வாங்கிக்கொண்டு போகலாம். அந்த ஏற்பாட்டில் நோயாளியோடு குடும்பத்தினர் வந்து உட்கார்ந்தார்கள். எப்போது தூங்கினார், மருந்து சாப்பிட்டாரா, யாரோடு பேசினார் என்று சொல்ல அவர்கள் இருந்தார்கள்.

சிறையில் அந்த நாற்காலியில் இருப்பவர் காவலர். பாதுகாப்புக்காக அவர் அருகில் இருக்க வேண்டும் என்பதில் நியாயம் இருக்கிறது. ஆனால் சக கைதி ஒருவர் தன்னை மிரட்டுவதையோ, தனக்கு நேர்ந்த பாலியல் வன்முறையையோ, சில நேரங்களில் அதே காவலரைப் பற்றிய அச்சத்தையோ அவர் முன்னிலையில் யார் சொல்வார்கள்? ஐக்கிய நாடுகள் அவை 2015இல் திருத்தி ஏற்றுக்கொண்ட நெல்சன் மண்டேலா விதிகள், சிறையில் எல்லா மருத்துவப் பரிசோதனைகளும் முழு ரகசியத்தோடு நடத்தப்பட வேண்டும் என்கின்றன. நடைமுறையில் இதற்கு உள்ள வழி கண்ணாடி பதித்த கதவு: காவலர் பார்க்கலாம், கேட்க முடியாது. இருபது வாட்ஸ்ஆப் குழுக்களில் சுற்றறிக்கை அனுப்புவதைவிட அந்த ஒரு கதவு கூடுதலாகச் சாதிக்கும். தலைக்கருவியில் (ஹெட்ஃபோனில்) ஒலி கேட்கும்படி செய்தால் மருத்துவர் பேசுவது வெளியே கேட்காது. ஆனால் சிறைவாசி பேசுவது கேட்கும் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.

இன்னொரு குழப்பமும் நம்மூரில் உண்டு. நம் சிறைவாசிகள் பலருக்குத் திரை ஏற்கெனவே பழக்கம். அது நீதிமன்றத் திரை. காவல் நீட்டிப்புக்காக ஒவ்வொரு முறையும் நீதிமன்றத்துக்கு நேரில் கொண்டுபோகாமல் காணொலியில் முன்னிறுத்த 2008ஆம் ஆண்டின் குற்றவியல் நடைமுறைச் சட்டத் திருத்தம் வழிசெய்தது. பெயர் கூப்பிடுவார்கள், முகத்தைக் காட்ட வேண்டும், அடுத்த வாய்தா தேதி சொல்வார்கள், எழுந்து வந்துவிட வேண்டும். அதே அறைக்கு, அதே நாற்காலிக்கு, அதே திரைக்கு முன் ஒருவரைக் கொண்டுவந்து உட்காரவைத்து மனதில் உள்ளதைச் சொல் என்றால், எதிரில் தெரிபவர் நீதிபதியின் ஆளா, போலீஸின் ஆளா என்றுதான் அவருக்கு முதலில் தோன்றும். சிகிச்சையின் இயல்பையும் அதன் எல்லைகளையும் புரியும்படி சொல்லி, விருப்பத்தோடு சம்மதம் பெறுவதற்கு அறிந்து அளிக்கும் ஒப்புதல் என்று பெயர். வெளியே இது ஒரு படிவத்தில் கையெழுத்தாக முடிந்துவிடும். சிறையில் முதல் அமர்வின் பெரும்பகுதியே இதற்குப் போய்விடலாம்.

அந்த எல்லைகளை ஒளிவுமறைவின்றிச் சொல்லிவிட வேண்டும். 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் 23ஆவது பிரிவில் ரகசியத்தை உரிமையாக்குகிறது. மற்றவருக்குத் தீங்கு நேராமல் தடுப்பது, உயிருக்கு ஆபத்து, நீதிமன்ற ஆணை போன்ற விதிவிலக்குகளையும் அங்கேயே வைக்கிறது. வழக்கறிஞரிடம் கட்சிக்காரர் சொல்வதற்குச் சாட்சியச் சட்டம் தரும் பாதுகாப்பு, மருத்துவரிடம் நோயாளி சொல்வதற்கு இந்தியாவில் இல்லை. எனவே வழக்கு இன்னும் நடந்துகொண்டிருக்கும் ஒருவரிடம், சம்பவத்தின் விவரங்களைச் சொல்லாமலேயே அதனால் ஏற்பட்ட தவிப்பைப் பற்றிப் பேசலாம் என்று முன்கூட்டியே விளக்குவது நேர்மையான சிகிச்சையாளரின் கடமை. இந்தியாவில் இது விதிவிலக்கான நிலைமை அல்ல. தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்கின்படி 2022 இறுதியில் நாட்டின் சிறைகளில் இருந்த 5,73,220 பேரில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கினர் விசாரணைக் கைதிகள். அப்போது மொத்த இடவசதி 4,36,266 பேருக்குத்தான் இருந்தது. தனி அறை கொடுங்கள் என்று கேட்பதற்கு முன் இந்த எண்ணையும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

## சட்டம் சொல்வதும் தேவை சொல்வதும்

பெங்களூரு மத்திய சிறையில் நிம்ஹான்ஸ் என்ற தேசிய மனநல நிறுவனம் நடத்தி 2011இல் வெளியிட்ட ஆய்வு, ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட சிறைவாசிகளைப் பார்த்தது. மது, போதைப் பழக்கங்களையும் சேர்த்துக் கணக்கிட்டால் ஏறத்தாழ 80 விழுக்காட்டினருக்கும், அவற்றை நீக்கிப் பார்த்தாலும் நான்கில் ஒருவருக்கு மேலும் கண்டறியத்தக்க மனநலப் பாதிப்பு இருந்தது. இதைப் படித்த கையோடு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 103ஆவது பிரிவையும் படித்தால் ஒரு விசித்திரம் தெரியும். மாநிலத்தில் குறைந்தது ஒரு சிறையிலாவது மனநல மருத்துவ அமைப்பு இருக்க வேண்டும் என்று சொல்லும் அதே பிரிவு, சிறையில் மனநோய் உள்ள கைதி எவரும் இல்லை என்று மருத்துவ அலுவலர் மூன்று மாதத்துக்கு ஒருமுறை சான்றளிக்க வேண்டும் என்றும் சொல்கிறது. கடும் நோயுள்ளவரைச் செல்லில் பூட்டிவைக்காமல் மருத்துவமனைக்கு மாற்ற வேண்டும் என்ற நல்ல நோக்கம் அதன் பின்னால் இருக்கிறது. ஆனால் இல்லை என்று எழுதவேண்டிய கட்டாயத்தில் இருப்பவர், இருப்பதைத் தேடிக் கண்டுபிடிக்க எவ்வளவு ஆர்வம் காட்டுவார் என்ற கேள்வி எழாமல் இல்லை.

காணொலிக்கான விதிகள் பிறகு வந்தன. 2020 மார்ச்சில் மத்திய அரசு தொலைமருத்துவ வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது. அதே ஆண்டில் மனநலத்துக்கென்று தனி நெறிகளும் வந்தன. போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் கீழ் வரும் மருந்துகளைக் காணொலியில் எழுதித் தர 2020 மார்ச் நெறிகள் இடம் தரவில்லை. 2022 அக்டோபர் 10 அன்று 14416 என்ற எண்ணோடு டெலி மானஸ் என்ற மனநல உதவி எண் சேவை தொடங்கியது. அது பொதுமக்களுக்கானது. கையில் தொலைபேசி இல்லாதவருக்கு உதவி எண் இருந்தும் பயனில்லை என்பதால், சிறைக்குள் அதற்கு நேரம் குறித்துத் தனிமையில் பேச வழி செய்தால்தான் அந்த எண்ணுக்குப் பொருள் உண்டு.

## இன்று இரவு சாகப்போகிறேன் என்று ஒருவர் சொன்னால்

முந்நூறு கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கும் உளவியலாளரிடம் ஒருவர் இதைச் சொல்கிறார். நேரில் இருந்தால் எழுந்து கதவைத் திறந்து ஆள் கூப்பிடலாம். திரையில் அது முடியாது. ஆகவே ஒவ்வோர் அமர்வின் போதும் சிறைப் பக்கத்தில் உடனே எடுக்கக்கூடிய தொலைபேசி ஒன்றும், அதை எடுக்கப் பொறுப்பான ஆள் ஒருவரும் இருக்க வேண்டும். திரையை அணைக்காமலேயே அந்த அழைப்பு போக வேண்டும். அமர்வு மாலையில் முடிந்து, பணி மாற்றத்தில் இரவுக் காவலர் வந்து, அவருக்கு யாரும் சொல்லாமல் விட்டுவிட்டால், மருத்துவர் கேட்டறிந்த உண்மை சிறைச் சுவருக்கு வெளியே மட்டும் தெரிந்த உண்மையாக நின்றுவிடும்.

இங்கேதான் சிகிச்சையாளர் ஓர் இக்கட்டில் மாட்டுகிறார். நோயாளியின் நலனுக்கும், தமக்குச் சம்பளம் தரும் நிறுவனத்தின் தேவைக்கும் ஒரே நேரத்தில் பதில் சொல்லவேண்டிய நிலைக்கு இரட்டைப் பொறுப்பு என்று பெயர். உயிராபத்தைச் சொல்லியாக வேண்டும். ஆனால் சொன்னதன் விளைவாக அந்த மனிதரை உடைகளைக் களைந்து, தனிச் செல்லில் போட்டு, அதையே பாதுகாப்பு என்று அழைத்தால், அடுத்த முறை அவரும் சொல்லமாட்டார், அதைப் பார்த்த பிளாக்கில் உள்ள மற்றவர்களும் சொல்லமாட்டார்கள். எனவே சொல்லப்படும் செய்தியை மிகக் குறைந்த அளவில் வைத்துக்கொள்வதுதான் நடைமுறை: இவரை இன்றிரவு தனியாக விடாதீர்கள், அடிக்கடி பாருங்கள், காலையில் மருத்துவ அலுவலரிடம் காட்டுங்கள். ஏன், எதற்கு, யாரால் என்பதெல்லாம் காவலர் அறியத் தேவையில்லை.

## வாசலைத் தாண்டிய பிறகு

காணொலியின் உண்மையான வலிமை சிறைக்குள்ளே அல்ல, சிறையை விட்டு வெளியேறும் நாளில்தான் இருக்கிறது என்பது என் எண்ணம். இதைப் பற்றி அதிகம் பேச்சில்லை. அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் விடுதலையான முப்பதாயிரத்துக்கும் மேற்பட்டவர்களைத் தொடர்ந்து பார்த்து 2007இல் வெளிவந்த ஆய்வில், வெளியே வந்த முதல் இரண்டு வாரங்களில் அவர்கள் இறக்கும் வாய்ப்பு மற்ற மக்களைவிடப் பன்னிரண்டு மடங்குக்கும் மேலாக இருந்தது. முதன்மையான காரணம் மிகை அளவில் போதை மருந்து உட்கொண்டது. உள்ளே இருந்தவரை அவரை அறிந்திருந்த மருத்துவர், செவிலியர், உளவியலாளர் எல்லாரும் வாசலோடு நின்றுவிடுவதால், சிகிச்சை மிகத் தேவைப்படும் வாரத்தில் அது அறுந்துவிடுகிறது.

நேரில் சிறைக்கு வந்து பார்க்கும் உளவியலாளருக்கு இதில் செய்ய அதிகமில்லை. திரையில் வருபவருக்கு உண்டு, ஏனென்றால் அவர் முதலிலிருந்தே சிறையில் இல்லை. நோயாளி புழலில் இருந்தாலும் பாளையங்கோட்டையில் இருந்தாலும், பிணையில் வந்து உளுந்தூர்ப்பேட்டையில் தம் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருந்தாலும் அதே முகம் அதே குரலில் பேச முடியும். ஆனால் விசாரணைக் கைதியின் பிணை ஆணை எந்த நாளில் வரும் என்று யாருக்கும் தெரியாது. சில நேரங்களில் மாலையில் வந்து, விளக்கு வைக்கும் நேரத்தில் வாசல் திறக்கும். ஒப்படைத்த பணத்தையும் துணிமணியையும் கையெழுத்துப் போட்டுத் திரும்ப வாங்கிக்கொண்டு அவர் வெளியே வரும்போது, அந்தப் பொருள்களோடு இரண்டு வாரத்துக்கான மாத்திரையும், மருந்துச் சீட்டும், அடுத்த அமர்வின் நாளும் நேரமும் எழுதிய ஒரு தாளும் இருக்க வேண்டுமென்றால், அவை முதல் அமர்வு நடந்த நாளிலிருந்தே உறையில் போட்டு அலுவலகத்தில் தயாராக இருந்திருக்க வேண்டும்.